நிரலிலிருந்து காலண்டர் அழைப்பு: பட்டன் வரவில்லை, நேரம் தப்பு, ரத்து ஆகவில்லை

மருத்துவர் சந்திப்பு, நேர்காணல், பயிற்சி வகுப்பு என்று எதைப் பதிவு செய்தாலும், உறுதி மின்னஞ்சலோடு ஒரு காலண்டர் அழைப்பும் வரும் என்றே இப்போது எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அதை அனுப்பும் நிரலை எழுதுவதில் பெரிய சிரமம் இல்லை. ஜிமெயில், அவுட்லுக், ஆப்பிள் காலண்டர் மூன்றிலும் அது ஒழுங்காக வேலை செய்ய வைப்பதில்தான் பாடு இருக்கிறது. தவறு நடந்தாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. அஞ்சலைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி சர்வர் 250 (சரி) என்று பதில் சொல்லி அஞ்சலை வாங்கிக்கொள்ளும், லாகில் எல்லாம் பச்சையாக இருக்கும். கோளாறு பெறுபவரின் திரையில் மட்டும்தான் தெரியும். ஆகவே அங்கே தெரிவதிலிருந்து பின்னோக்கிப் போவதே வழி.

ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தர ஆவணங்களில் மூன்றின் எண்கள் நினைவில் இருக்கட்டும். 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5545 ஐகேலண்டர் கோப்பின் (ஐசிஎஸ் என்று முடியும் காலண்டர் கோப்பு) வடிவத்தைச் சொல்கிறது. அதே ஆண்டின் 5546 அழைப்பு, பதில், மாற்றம், ரத்து ஆகியவை எப்படி நடக்கவேண்டும் என்று சொல்கிறது. 2010-இன் 6047 இவற்றை மின்னஞ்சலில் எப்படி வைத்து அனுப்புவது என்று சொல்கிறது. ஐசிஎஸ் கோப்பை உருவாக்கித் தரும் லைப்ரரிகள் பெரும்பாலும் முதல் ஆவணத்தோடு நின்றுவிடும். மற்ற இரண்டும் நம் பொறுப்பு. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகின்றன.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: போய்ச் சேர்ந்த அஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்து படியுங்கள். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்', தண்டர்பேர்டில் 'மெசேஜ் சோர்ஸ்'. உள்ளே பேஸ்64 குறியாக்கத்தில் இருந்தால் பிரித்துப் படியுங்கள். நிரலில் எழுதியதும் போய்ச் சேர்ந்ததும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நடுவில் லைப்ரரி, அஞ்சல் சேவை, பெறுபவரின் சர்வர் என்று பல கை மாறுகிறது.

## ஐசிஎஸ் கோப்பு இணைப்பாக வருகிறது, ஆனால் ஏற்க, மறுக்க பட்டன் இல்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கோப்பை வெறும் அட்டாச்மென்ட்டாக மட்டும் சேர்த்திருந்தால் பல அஞ்சல் செயலிகள் அதை ஒரு கோப்பாகவே காட்டும். அழைப்பு என்று புரிந்துகொள்ள, அஞ்சலின் உடலிலேயே 'டெக்ஸ்ட்/காலண்டர்' வகையில் ஒரு பகுதி இருக்கவேண்டும். அதன் கான்டென்ட்-டைப் வரியில் 'மெத்தட்=ரிக்வெஸ்ட்', 'சார்செட்=யுடிஎஃப்-8' இரண்டும் வேண்டும். மெத்தட் இது எந்த வகைச் செய்தி என்று சொல்கிறது: ரிக்வெஸ்ட் என்றால் பதில் கேட்கும் அழைப்பு, பப்ளிஷ் என்றால் வெறும் தகவல். அது இரண்டு இடங்களில் வருகிறது என்பதைக் கவனியுங்கள்: ஒன்று இந்த ஹெட்டரில், மற்றொன்று ஐசிஎஸ் உள்ளே. இரண்டும் ஒன்றாக இருந்தே ஆகவேண்டும். ஹெட்டரில் இல்லாமல் உள்ளே மட்டும் இருந்தாலும், உள்ளே ரிக்வெஸ்ட் என்றும் வெளியே பப்ளிஷ் என்றும் இருந்தாலும், பட்டனை எதிர்பார்க்க முடியாது.

அடுக்கும் முறை இது. 'மல்ட்டிபார்ட்/ஆல்டர்னேட்டிவ்' உறைக்குள் முதலில் சாதாரண உரை, அடுத்து எச்டிஎம்எல், கடைசியில் காலண்டர் பகுதி. ஆல்டர்னேட்டிவ் உறையில் பின்னால் வருவதற்கே முன்னுரிமை, அதனால் இந்த வரிசையை மாற்றவேண்டாம். அதே ஐசிஎஸ்ஸை இணைப்பாகவும் தர விரும்பினால், மேலே சொன்ன மொத்தத்தையும் ஒரு 'மல்ட்டிபார்ட்/மிக்ஸ்ட்' உறைக்குள் வைத்து, அதன் பக்கத்தில் கோப்பை 'அப்ளிகேஷன்/ஐசிஎஸ்' வகையில் சேருங்கள். நான் இணைப்பையும் சேர்ப்பதையே விரும்புகிறேன். அழைப்பைப் புரிந்துகொள்ளாத செயலி வைத்திருப்பவர் கோப்பைத் திறந்தாவது தன் காலண்டரில் சேர்த்துக்கொள்வார். ஆனால் இரண்டும் ஒரே உள்ளடக்கமாக இருக்கவேண்டும். தனித்தனியாக இரண்டு தடவை உருவாக்கினால் நிகழ்ச்சியின் அடையாளமான யூஐடி வேறாகிவிடும், அது இன்னொரு வினை.

மொழிக்கு மொழி சிக்கும் இடம் வேறு. பைத்தானில் 'ஈமெயில்மெசேஜ்' வகுப்பின் 'ஆட்_ஆல்டர்னேட்டிவ்' போதும். சப்டைப்பாகக் காலண்டரையும், பாராம்ஸ் அகராதியில் மெத்தட்டையும் கொடுக்கவேண்டும். பாராம்ஸ் விட்டுப்போவதுதான் அங்கே வழக்கமான காரணம். நோட்.ஜேஎஸ்-க்கான நோட்மெயிலரில் 'ஐகேல்ஈவென்ட்' என்று தனி வசதியே உண்டு, ஆனால் மெத்தட் சொல்லாவிட்டால் அது பப்ளிஷ் என்று வைத்துக்கொள்ளும். ஜாவாவில் 'செட்கான்டென்ட்' கொண்டு நேரடியாக வைத்தால், இந்த வகைக்கு டிசிஎச் (தரவைக் கையாளும் ஹேண்ட்லர்) இல்லை என்ற எக்ஸெப்ஷன் வரும். 'பைட்அரேடேட்டாசோர்ஸ்' வழியாகக் கொடுத்தால் தீர்ந்துவிடும். எச்டிடிபி ஏபிஐ மூலம் அனுப்பும் சேவைகளில், உரை, எச்டிஎம்எல், அட்டாச்மென்ட் மூன்றைத் தவிர வேறு பகுதி சேர்க்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முழு அஞ்சலையும் நீங்களே கட்டி, மூல வடிவில் அனுப்பும் வழியைத் தேடுங்கள்.

வடிவம் எல்லாம் சரி, அப்போதும் பட்டன் இல்லை என்றால் ஆட்களைப் பாருங்கள். ஆர்கனைசர் முகவரியும் பெறுபவர் முகவரியும் ஒன்றாக இருந்தால், கூட்டம் நடத்துபவரே நீங்கள்தான், பதில் சொல்லத் தேவையில்லை என்று அவுட்லுக் சொல்லிவிடும். சொந்த முகவரிக்கே அனுப்பிச் சோதிக்கும்போது இது நடக்கும். நிரலில் குறையே இருக்காது. சோதனைக்குக் கட்டாயம் வேறு முகவரி வேண்டும். அதேபோல் பெறுபவரின் முகவரி அட்டெண்டீ (அழைக்கப்பட்டவர்) வரியில் இருக்கிறதா, அதில் 'ஆர்எஸ்விபி=ட்ரூ' (பதில் தேவை), 'பார்ட்ஸ்டாட்=நீட்ஸ்-ஆக்ஷன்' (இன்னும் பதில் வரவில்லை) இரண்டும் உள்ளனவா என்றும் பாருங்கள். கூட்டு முகவரிக்கு அனுப்பி அது பத்துப் பேருக்குப் பிரிந்து போனால், அந்தப் பத்துப் பேரும் அட்டெண்டீ பட்டியலில் இல்லை. அவர்களுடைய செயலி யார் சார்பில் பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்கும்.

## அவுட்லுக்கில் 'நாட் சப்போர்ட்டட் காலண்டர் மெசேஜ்.ஐசிஎஸ்' என்று கோப்பு வருகிறது

இந்தப் பெயர் நீங்கள் வைத்ததாக இருக்காது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் சர்வர் காலண்டர் பகுதியைப் படிக்க முயன்று, முடியாமல், அப்படிப் பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறது. ஜிமெயில் அதே கோப்பை மன்னித்துக் காட்டிவிடுவதால், 'கூகுளில் வருகிறதே' என்ற வாதம் இங்கே செல்லாது. கோப்பில் இலக்கணப் பிழை இருக்கிறது.

முதலில் கட்டாய வரிகள்: வெர்ஷன் 2.0, ப்ராட்ஐடி (கோப்பை உருவாக்கிய நிரலின் அடையாளம்), மெத்தட், யூஐடி, டிடிஸ்டாம்ப் (செய்தி உருவான நேரம்), டிடிஸ்டார்ட் (நிகழ்ச்சி தொடங்கும் நேரம்), ஆர்கனைசர். டிடிஸ்டாம்ப் எப்போதும் யூடிசியில் (உலகப் பொது நேரம்), கடைசியில் இசட் எழுத்தோடு இருக்கவேண்டும். ஆர்கனைசர், அட்டெண்டீ இரண்டிலும் முகவரிக்கு முன்னால் 'மெயில்டு:' விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் வரிமுடிவு. ஒவ்வொரு வரியும் சிஆர், எல்எஃப் என்ற இரண்டு வரிமுடிவுக் குறிகளோடும் முடியவேண்டும். லினக்ஸில் எழுதிய டெம்ப்ளேட்டில் எல்எஃப் மட்டும் இருக்கும். சாதாரண உரையாகப் போனால், எஸ்எம்டிபி லைப்ரரி வழியில் அதைத் திருத்திவிடலாம். பேஸ்64 ஆகப் போனால் யாரும் தொடமாட்டார்கள், உள்ளே வைத்த எல்எஃப் அப்படியே போய்ச் சேரும். பைத்தானில் இது இன்னும் ஒரு படி மறைவாக நடக்கிறது. நீங்கள் சரியாக சிஆர்எல்எஃப் வைத்துக் கொடுத்தாலும், 'ஈமெயில்மெசேஜ்' வரிகளைப் பிரித்துத் தன் பாலிசியில் சொன்ன வரிமுடிவை வைத்தே திரும்பக் கோக்கும். இயல்பான பாலிசியில் அது வெறும் எல்எஃப். பொருளை உருவாக்கும்போதே எஸ்எம்டிபி பாலிசியைக் கொடுத்துவிட்டால் பேஸ்64 உள்ளேயும் சரியாக இருக்கும்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களைத் தனியாகப் படுத்தும் விஷயம் வரி மடிப்பு. ஐகேலண்டரில் ஒரு வரி 75 ஆக்டெட்டுக்கு மேல் போகக் கூடாது. நீண்டால் சிஆர்எல்எஃப் போட்டு, அடுத்த வரியை ஒரு இடைவெளியோடு தொடங்கவேண்டும். ஆக்டெட் என்றால் பைட். யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் 3 பைட். புள்ளியும் துணைக்கால் கொம்புகளும் தனித்தனிக் குறிகள். 'மாதாந்திர ஆய்வுக் கூட்டம்' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு 13 எழுத்து. குறிகளாக எண்ணினால் 23, அதாவது 69 பைட். இரண்டு இடைவெளியும் சேர்த்தால் 71. முன்னால் வரும் சம்மரி என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் 8 பைட். மொத்தம் 79. இத்தனை சிறிய தலைப்பே வரம்பைத் தாண்டிவிட்டது.

சரத்தின் நீளத்தைக் குறிகளாக எண்ணி மடிக்கும் நிரலுக்கு இந்த வரி வெறும் 33 குறிதான், மடிக்காமலே விட்டுவிடும். பைட்டாக எண்ணிச் சரியாக 75-இல் வெட்டும் நிரல், கடைசி மகரத்தின் மூன்று பைட்டில் இரண்டை மேல் வரியிலும் ஒன்றைக் கீழ் வரியிலும் போடும். பைட்டுகளாகவே வைத்து மடிப்பைப் பிரிக்கும் செயலியில் அது திரும்ப ஒட்டிக்கொள்ளும். முதலில் உரையாக மாற்றிவிட்டு அப்புறம் மடிப்பைப் பிரிக்கும் செயலியில் கேள்விக்குறிகளும் கட்டங்களும் வரும். ஆகவே பைட்டை எண்ணுங்கள், ஆனால் முழுக் குறி முடியும் இடத்தில் மட்டும் வெட்டுங்கள். லைப்ரரி பயன்படுத்தினால் அது இதைச் செய்கிறதா என்று ஒரு நீண்ட தமிழ் வாக்கியத்தைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். எடுத்துக்காட்டுகளை ஆங்கிலத்திலேயே ஓட்டிப் பார்ப்பவர்கள் கண்ணில் இது படாது. அதனால் தமிழில் அனுப்புகிற நாம்தான் இதைச் சோதித்து, குறை இருந்தால் அந்த லைப்ரரிக்காரர்களிடம் சொல்லவேண்டும்.

மிச்சம் இருப்பது சிறப்புக் குறிகள். தலைப்பு, இடம், விளக்கம் ஆகியவற்றில் காற்புள்ளி, அரைப்புள்ளி, பின்சாய்கோடு மூன்றுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு வேண்டும். விளக்கத்தில் வரி உடையும் இடத்தைப் பின்சாய்கோடும் சிறிய என் எழுத்துமாக எழுதவேண்டும். உண்மையான வரிமுடிவு அங்கே வந்தால் கோப்பு அந்த இடத்திலேயே உடையும். முக்காற்புள்ளிக்கு எதுவும் வேண்டாம். அட்டெண்டீயின் சிஎன் பகுதியில் உள்ள பெயரில் காற்புள்ளி இருந்தால் பின்சாய்கோடு உதவாது, பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வைக்கவேண்டும்.

## நேரம் தப்பாகக் காட்டுகிறது

எவ்வளவு தப்பு என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். இந்திய நேரம் காலை 10 மணிக்குக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். யூடிசியில் அது 04:30.

பெறுபவருக்கு மாலை 3:30 என்று காட்டினால், உள்ளூர் நேரத்தின் பின்னால் இசட் ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். விடியற்காலை 4:30 என்று காட்டினால், யூடிசிக்கு மாற்றிவிட்டு இசட் போட மறந்திருக்கிறீர்கள். சென்னையில் இருப்பவருக்குச் சரியாக 10, சிங்கப்பூரில் இருப்பவருக்கும் 10 என்றால், இசட்டும் இல்லை, நேர மண்டலத்தின் பெயரைச் சொல்லும் டிஇசட்ஐடியும் இல்லை. எந்த ஊரில் படித்தாலும் அந்த ஊர் நேரமாகவே எடுத்துக்கொள்ளப்படும் மிதக்கும் நேரம் அது. சிங்கப்பூர்க்காரருக்கு 12:30 என்று வந்திருக்கவேண்டும்.

ஒரே தடவை நடக்கும் நிகழ்ச்சிக்கு யூடிசியில் எழுதி இசட் போடுங்கள். அதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சிக்கு இது போதாது. லண்டனில் வாரந்தோறும் காலை 10 மணிக்கு நடக்கும் கூட்டத்தைக் குளிர்காலத்தில் 10:00 யூடிசி என்று எழுதிவிட்டால், 2026 மார்ச் 29-இல் அங்கே கடிகாரம் முன்னே நகர்ந்ததும் அது 11 மணிக் கூட்டமாகிவிடும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றிலும் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் நமக்கு இது உடனே உறைக்காது. ஆனால் நம் ஊரிலும் ஒரு பொறி உண்டு. திங்கட்கிழமை அதிகாலை 5 மணி வகுப்பு யூடிசியில் ஞாயிறு 23:30. நிகழ்ச்சி எப்படித் திரும்ப வரும் என்று சொல்லும் ஆர்ரூல் வரியில் பைடே (கிழமை) என்பதற்குத் திங்கள் என்று எழுதினால், யூடிசி திங்கள் 23:30 என்று கணக்காகி, வகுப்பு நம் நேரப்படி செவ்வாய்க்கிழமை அதிகாலைக்குப் போய்விடும். ஆகவே தொடர் நிகழ்ச்சிக்கு டிஇசட்ஐடி போடுங்கள், அதற்குரிய நேர மண்டல விதிகளைச் சொல்லும் விடைம்ஸோன் பகுதியையும் கோப்பிலேயே சேருங்கள். 'ஏசியா/கொல்கத்தா' என்று பெயரை மட்டும் எழுதினால் கூகுள் புரிந்துகொள்ளும். விண்டோஸ் உலகம் 'இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்' என்ற வேறு பெயரில் அதை வைத்திருக்கிறது. விடைம்ஸோன் உள்ளே இருந்தால் பெயர் எதுவானாலும் கவலை இல்லை. இந்தியாவுக்கு +0530 என்று ஒரே ஒரு ஸ்டாண்டர்ட் பகுதி போதும். இன்னொன்று: இப்படி டிஇசட்ஐடியோடு தொடங்கும் தொடர் முடியும் நாளை அன்டில் கொண்டு சொன்னால், அந்த நேரம் மட்டும் யூடிசியில் இருக்கவேண்டும்.

முழுநாள் நிகழ்ச்சி ஒரு நாள் குறைகிறதா? முடிவைச் சொல்லும் டிடிஎண்ட் தேதி நிகழ்ச்சியில் சேராது. 15, 16 இரண்டு நாள் என்றால் டிடிஎண்டில் 17 என்று எழுதுங்கள்.

## நேரத்தை மாற்றி அனுப்பினால் இரண்டாவது நிகழ்ச்சி முளைக்கிறது. ரத்து செய்தால் போகமாட்டேன் என்கிறது

காலண்டர் செயலி ஒரு நிகழ்ச்சியை யூஐடியை வைத்தே அடையாளம் காண்கிறது. தலைப்பு, தேதி எதுவும் அதற்குக் கணக்கில்லை. அனுப்பும் ஃபங்ஷனுக்குள்ளேயே புதிதாக ஒரு யூஐடி உருவாக்கினால் ஒவ்வொரு அஞ்சலும் ஒரு புது நிகழ்ச்சி. வேலை வரிசை ஒரு தடவை தோற்று மறுமுயற்சி செய்தால்கூட இரண்டு வந்துவிடும். பதிவு உருவாகும்போதே யூஐடியை உருவாக்கி டேட்டாபேஸில் வையுங்கள், பக்கத்தில், எத்தனையாவது திருத்தம் என்று சொல்லும் சீக்வென்ஸ் எண்ணுக்கு ஒரு நெடுவரிசை. முதல் அழைப்பில் 0. நேரமோ தேதியோ மாறும்போது ஒன்று கூட்டி, அதே யூஐடி, அதே ஆர்கனைசரோடு திரும்ப ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். எண்ணைக் கூட்டாமல் அனுப்பிய மாற்றத்தைப் பழைய செய்தி என்று நினைத்துச் செயலி ஒதுக்கிவிடலாம். அதே அழைப்பை மறுபடி அனுப்புவது மட்டும் என்றால் எண் அப்படியே இருக்கட்டும்.

ரத்து செய்ய மெத்தட் 'கேன்சல்' ஆகவேண்டும். ஹெட்டரில் மாற்றிவிட்டுக் கோப்பில் விட்டுவிடுவது, அல்லது தலைகீழாகச் செய்வது, இங்கேயும் வழக்கமான தவறு. கூடவே 'ஸ்டேட்டஸ்:கேன்சல்ட்', அதே யூஐடி, அதே ஆர்கனைசர், கூடிய சீக்வென்ஸ். ஒருவரை மட்டும் நீக்குவதானால் அவருக்கு மட்டும் கேன்சல் அனுப்பி, மற்றவர்களுக்கு அவர் இல்லாத பட்டியலோடு புது ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அவுட்லுக்கில் நிகழ்ச்சி தானாகப் போகாமல், 'காலண்டரிலிருந்து நீக்கு' என்ற பட்டனோடு நிற்கும். பெறுபவர் அதை அழுத்தவேண்டும். உங்கள் வாடிக்கையாளர் சேவை ஆட்களிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

## ஒருவர் வருவது இன்னொருவருக்குத் தெரிகிறது

இதைப் பிழை என்று பலர் பதிவுகூடச் செய்வதில்லை. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். அட்டெண்டீ வரிகளில் எல்லாருடைய முகவரியையும் போட்டு ஒரே கோப்பை எல்லாருக்கும் அனுப்பினால், பிசிசியில் அனுப்பியதால் பயனில்லை. முகவரிகள் கோப்புக்குள் இருக்கின்றன, காலண்டரில் விருந்தினர் பட்டியலாகவே விரியும். அலுவலகக் கூட்டத்துக்கு அது வேண்டியதுதான். பொதுப் பயிலரங்குக்கும் மருத்துவமனைக்கும் கூடவே கூடாது. ஆளுக்கு ஒரு கோப்பு, அதில் அவர் ஒருவரே அட்டெண்டீ என்று செய்யுங்கள். தலைப்பையும் யோசித்து வையுங்கள். அலுவலகக் காலண்டரைச் சக ஊழியர்கள் பார்க்கக்கூடும். 'மனநல ஆலோசனை' என்று எழுதவேண்டிய இடத்தில் 'சந்திப்பு, மாலை 5' என்பதே போதும்.

## ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் நமக்குத் தெரியவில்லை

பதில், ஆர்கனைசர் வரியில் உள்ள முகவரிக்குப் போகிறது. அஞ்சலின் ரிப்ளை-டு ஹெட்டரை இதற்கு நம்பாதீர்கள். ஆர்கனைசர் வரியில் 'நோரிப்ளை' முகவரி இருந்தால் பதில்கள் வீணாகும், சில சமயம் பெறுபவருக்கே திரும்பி வந்து அவரைக் குழப்பும். உண்மையான ஒரு அஞ்சல்பெட்டியை வைத்து, வரும் அஞ்சலில் 'மெத்தட்:ரிப்ளை' உள்ள காலண்டர் பகுதியைப் பிரித்து, யூஐடியையும் பார்ட்ஸ்டாட்டையும் படியுங்கள். அஞ்சல் தலைப்பை வைத்து அடையாளம் காண முயலவேண்டாம், அது பெறுபவரின் மொழிக்கேற்ப மாறும். பதில் வேறு முகவரியிலிருந்து வரலாம் என்பதற்கும், அவுட்லுக்கில் வேறு நேரம் கேட்பவரிடமிருந்து 'கவுண்டர்' என்ற மெத்தட் வரலாம் என்பதற்கும் நிரலில் இடம் வையுங்கள்.

## அஞ்சலில் அழைப்பு இருக்கிறது, காலண்டரில் இல்லை

அஞ்சல் ஸ்பேமில் கிடந்தால், அனுப்புபவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் பாருங்கள். ஒரு நாளில் 5,000-க்கு மேல் அஞ்சல்களை ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுள் மூன்றையும் கட்டாயமாக்கியிருக்கிறது. குறைவாக அனுப்பினாலும் வைத்துவிடுங்கள். ஃப்ரம் முகவரியும் ஆர்கனைசர் முகவரியும் ஒன்றாக இருப்பது நல்லது.

இன்பாக்ஸில் இருந்தும் காலண்டரில் ஏறவில்லை என்றால் அது பெறுபவரின் அமைப்பு. கூகுள் காலண்டரில் அழைப்புகளை எல்லாரிடமிருந்தும் தானாகச் சேர்க்கலாம், தெரிந்தவர் அனுப்பினால் மட்டும் சேர்க்கலாம், பதில் சொன்ன பிறகே சேர்க்கலாம். காலண்டர் ஸ்பேம் பெருகியதால் பலர் கடைசி இரண்டில் ஒன்றை வைத்திருக்கிறார்கள், வைத்திருக்கவும் வேண்டும். நிரலால் இதை மாற்ற முடியாது. உறுதி மின்னஞ்சலின் உரையிலேயே தேதி, நேரம், எந்த ஊர் நேரம் என்பதை முழுதாக எழுதி, 'காலண்டரில் சேர மேலே உள்ள யெஸ் பட்டனை அழுத்துங்கள்' என்று ஒரு வரியும் சேருங்கள்.